கழுகுத் தலை இல்லாத மூடி

“ஏம்மா, பித்தளையைக் கொண்டாந்து தங்கம்னு என் தலையில கட்டப் பாக்கறியா?”

காசிலிங்கம் பத்தர் இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். நகைக்கடை நிறைய ஆள். அத்தனை தலையும் திரும்பியது. செல்வாம்பாளுக்குக் காது இரண்டும் கொதித்தன.

“எது பித்தளை? எங்க வூட்டுக்காரரு பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்தப்போ சைகோன்ல வாங்குன கடியாரம். பதினெட்டு கேரட்டு!”

பத்தர் பாக்கெட் கடியாரத்தின் பின்மூடியைத் திருப்பிக் காட்டினார். விளிம்பில் அரம் பட்ட இடத்தில் திராவகம் பச்சையாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

“மேலாப்புல தங்கத் தகடு, உள்ள பித்தளை. பிரெஞ்சுக்காரன் துப்ளேன்னு சொல்வான். உள்பக்கம் முத்திரையைப் பாரு. செஞ்சவன் எழுத்து சதுரக் கட்டத்துல இருக்கு. அசல் தங்கம்னா சீட்டுக்கட்டு டைமன் மாதிரி கட்டம். கூடவே கழுகுத் தலை. எங்க கழுகு?”

கழுகு இருந்தது. கடுகளவு கழுகு. புருஷன் உயிரோடு இருந்தவரை பூதக்கண்ணாடி வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்ட கழுகு. அவளே நூறு தடவை பார்த்திருக்கிறாள். இப்போது அது பறந்தா போகும்?

நெல்லித்தோப்பில் அவள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரன் சாமானைத் தெருவில் எறிவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தான். இந்தக் கடியாரத்தை விற்றால் சாரம் பக்கம் ஒரு மனை வாங்கலாம். மனைக்காரர் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பேன் என்றிருந்தார். ஓடுகிற கடியாரம் என்றால் கூடுதல் விலை போகும் என்று பத்தரே சொன்னதால், போன வாரம் அதைத் துடைத்து எண்ணெய் போட ரிப்பேர்க்காரனிடம் கொடுத்தாள். அந்த ஒரு தடவைதான் அது வீட்டை விட்டு வெளியே போனது.

தட்சிணாமூர்த்தி!

பெரிய மார்க்கெட் மீன் வாசலுக்கு எதிரே இருந்த அவன் கடைக்குள் அவள் புயலாக நுழைந்தாள். கடியாரத்தை மேஜைமேல் வைத்த வேகத்தில் ஸ்க்ரூ டப்பா எகிறியது.

“என் மூடி எங்கடா?”

“என்னாக்கா, மரியாதையாப் பேசு.” அவன் கண்ணிலிருந்த லென்ஸைக்கூடக் கழற்றவில்லை. “முகப்பு உன்னுது, முள்ளு உன்னுது, மிஷின் உன்னுது. மூடி மட்டும் என்னுதா?”

“இதுல கழுகு இல்ல.”

“தேஞ்சிருக்கும். இந்தச் சைகோன்காரங்க துப்ளேயை வாங்கியாந்து பொண்டாட்டிகிட்ட தங்கம்னு அளப்பாங்க. செத்தவரைப் பத்தி நான் ஏன் பேசணும்?”

பேசிவிட்டான். செல்வாம்பாளின் கை நகம் முந்தானைக்குள் பதிந்தது. அறைந்திருப்பாள். அறைந்தால் ‘அடிக்க வந்தாள்’ என்று கதையைத் திருப்பிவிடுவான். அப்போதுதான் அவளுக்கு அந்தப் பழைய சண்டை ஞாபகம் வந்தது.

கடையில் காத்திருந்த இராமதாஸ் வாத்தியாரிடம் திரும்பினாள். “வாத்தியாரே, உங்க கடியாரத்தை இவன்கிட்ட ரிப்பேர் பண்ணியிருக்கீங்களா?”

“வருஷா வருஷம்.”

“பின்மூடிக்கு உள்பக்கம் பாருங்க.”

தட்சிணாமூர்த்தியின் லென்ஸ் கண்ணிலிருந்து நழுவி விழுந்தது. வாத்தியார் நகத்தால் மூடியை நெம்பி வெளிச்சத்தில் சாய்த்தார். “மயிரிழைல சூலம் மாதிரி ரெண்டு மூணு கீறல்.”

“ரிப்பேருக்கு வந்த கடியாரத்துல எல்லாம் இவன் ஊசியால கீறுற அடையாளம். எங்க வூட்டுக்காரரு இருந்தப்போ இதையும் ஒரு தடவை இவன்கிட்ட குடுத்தாரு. தங்கத்துல கோடு போட்டுட்டானேன்னு இதே கடைல நின்னு கத்தினாரு. ‘இது எங்க தொழில் வழக்கம், மொசியே’ன்னு இளிச்ச இல்ல? அந்தச் சூலம் இதுல எங்கடா?”

வாத்தியார் மேஜைமேல் இருந்த அவள் கடியாரத்தை எடுத்து உற்றுப் பார்த்தார். “இதுல ஒண்ணுமே இல்லையேப்பா.”

“அது... பாலிஷ் போட்டேன்...”

“பாலிஷுக்கு உன் கீறல் அழியும், சதுரக் கட்டம் மட்டும் பளிச்சுன்னு நிக்குமா?” அவள் குரலுக்கு மீன்காரிகள் கூடையோடு வந்து வாசலை அடைத்தார்கள். “எடு! இல்லன்னா கடையைக் கவுத்துருவேன்!”

வாசலில் வழி இல்லை. அவன் இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தான். செல்வாம்பாள் அதைப் பிடுங்கி அவிழ்த்தாள். உருக்குவதற்குத் தோதாகச் சுத்தியலால் நசுக்கிய முன்மூடியும் பின்மூடியும். அப்பளம் மாதிரி மடிந்து கிடந்தன. அந்த மடிப்பின் ஓரத்தில் கழுகுத் தலை. கழுத்தில் ஒரு வெட்டு.

“எடை குறையலக்கா,” என்றான். “குந்துமணி குறையல. எடுத்துனு போயிடு. போலீசு வேணாம்.”

“எடையாடா பேசற? அந்த மனுசன் தினம் துடைச்சு வெச்ச பொருளுடா இது!” அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அது வேறு ஆத்திரத்தைக் கிளப்பியது. நசுங்கிய தங்கத்தை மடியில் கட்டிக்கொண்டாள். அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள்.

“நட.”

“எங்க?”

“பத்தர் கடைக்கு. அங்க இருந்தவங்க எல்லாம் என்னைத் திருடியைப் பாக்கற மாதிரி பாத்தாங்க. யார் திருடன்னு உன் வாயால சொல்லு. அப்புறம் அவர் தராசு எடுக்கட்டும்.”

மீன்காரிகள் விலகி வழி விட்டார்கள்.