பின்னாலேயே வந்த தீவு

சேவைச் சங்கத்தின் படகு கரை திரும்பியபோது, தீவும் பின்னாலேயே வந்துவிட்டது. ஐஸ் கொட்டகை, பள்ளிக்கூடம், கொடியில் காய்ந்த துணி என்று ஒன்றும் குறையாமல் வந்து படகுத்துறையை ஒட்டி நின்றது. "இதை எங்க கட்டுறது?" என்று மட்டும் கேட்டான் துறைக் காவலாளி.

நடந்ததைச் சொல்லவே நாக்கூசுகிறது. சங்கத்திடம் இருந்த சக்கர நாற்காலி ஒன்றே ஒன்று. நடக்க முடியாதவர் இருக்கும் தீவுக்கெல்லாம் அதைத் துடைத்து எடுத்துப்போவார்கள். உட்காரவைத்துக் கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள், திரும்பவும் படகில் ஏற்றிவிடுவார்கள். படத்தைப் பார்த்து யாராவது மனமிரங்கினால் நிஜமாகவே நாற்காலிகள் வரும் என்று சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர் மனதார நம்பினார். கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் இன்னும் அசிங்கம்.

இந்தத் தீவில் ஒரு தையல்காரி. பிறந்ததிலிருந்து கால் வராது. கையால் சுற்றும் மிஷினில் தீவுக்கே சட்டை தைத்தவள். வெளியே போக அண்ணன் முதுகுதான் அவளுக்கு வண்டி. போன மழைக்காலத்தில் அவனுக்கு இடுப்பு விட்டுப்போனது. அன்றிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை. படம் எடுத்து முடிந்ததும் அவளே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு சிமெண்டுப் பாதையில் துறை வரைக்கும் உருண்டு போனாள். "அண்ணா, கடல் இன்னும் இங்கயேதான் இருக்கு!" என்று கத்திச் சிரித்தாள். தலைவர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"இறங்குங்கம்மா, படகுக்கு நேரமாச்சு."

"எனக்குன்னுதானே சொன்னீங்க?"

"இது படத்துக்கும்மா. உங்களோடது அடுத்த படகுல வந்துரும்."

இரண்டு பேர் அவளைத் தூக்கிச் சிமெண்டுத் தரையில் உட்காரவைத்தார்கள். அண்ணன் குனிந்து பார்த்தான், தூக்க முடியவில்லை. படகு கிளம்பியது.

இப்போது ஊரே துறையில் கூடி நிற்க, தீவில் உட்காரவைத்த அதே சிமெண்டுத் தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தலைவருக்குத் தெரியவில்லை. யாரையும் ஏவாமல் தானே நாற்காலியைச் சுமந்துபோய் அவளை ஏற்றி உட்காரவைத்தார். பழக்கதோஷத்தில் படக்காரர் கேமராவைத் தூக்கினார்.

"எடுத்தே, கையை ஒடிச்சிருவேன்!" என்று தலைவர் சீறினார்.

"எடுக்கட்டும் சார்," என்றாள் தையல்காரி. "இப்பத்தான் எனக்குக் கொடுத்திருக்கீங்க."

அந்தப் படம் சங்கத்துச் சுவரில் இருக்கிறது. அவள் நேராகப் பார்க்கிறாள். தலைவர் தரையைப் பார்க்கிறார்.

தீவு திரும்பிப் போகவில்லை. மீன் லாரிகள் நேராக உள்ளே போய்வர ஆரம்பித்தன. தையல்காரி சந்தைக்குள் கடை பிடித்தாள். அடுத்த வாரம் விடிந்தபோது கடலில் இன்னொரு தீவு தெரிந்தது, அதற்குப் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் ஒன்று. அங்கெல்லாம் படம் எடுத்தது தலைவருக்கு நினைவிருந்தது. கொடுக்க நாற்காலி இல்லை. கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, துறையின் ஓரத்தில் போய் முதுகை வளைத்து நின்றார். காவலாளி கயிற்றுச் சுருளோடு அவரைத் தாண்டிப் போனான்.