இருபது கிலோவைக் காணோம்

எங்கள் எடைமேடையில் ஏறும் லாரிகளுக்கு எடை சொல்வது மெஷின். அது ஒழுங்காகச் சொல்கிறதா என்று பார்ப்பது நான். காலையில் முதல் லாரி வருவதற்கு முன் மேடையின் நடுவில் போய் நிற்பேன். வெளியே தொங்கும் பலகையில் சிவப்பாக 110 என்று விழும். பதினோரு வருடமாக அதே நூற்றுப்பத்து. மெஷின் பத்துப் பத்தாகத்தான் எண்ணும். சரிபார்க்க இரும்பு எடைக்கல் வாங்கித் தாருங்கள் என்று முதலாளியிடம் கேட்டதற்கு, "நீங்க இருக்கும்போது அது எதுக்கு?" என்றுவிட்டார். நான் விட்ட ஏப்பத்தில் ஒரு சிமெண்ட் லாரி பத்துக் கிலோ இளைத்தது என்று டிரைவர்கள் சொல்வார்கள். பொய். ஐந்து கிலோதான். மெஷின்தான் பத்தாகக் காட்டியது.

அறுபத்துநான்காவது வயதில் டாக்டர் என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பத்தரை என்றார். பாதம் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. சாப்பாட்டைத் திருத்தாவிட்டால் ஊசிதான் என்றார். வீட்டுக்காரி ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருடம் நோயாளிகளின் தலையணைக்கு அடியில் ஒளித்த தின்பண்டத்தைத் துழாவிப் பழகிய கை. மூன்று அடுக்குக் கேரியரில் மூன்றிலும் இருந்த சோறு, கீழடுக்கின் மூலைக்குப் போயிற்று. மிச்ச இடமெல்லாம் கீரை, பீன்ஸ், பயறு, முட்டை. டீயில் சர்க்கரை கிடையாது. சாப்பிட்டதும் அரைமணி நேரம் நடை.

"மாட்டுக்கு வெச்சதை மாத்திக் குடுத்துட்டியா?" என்றேன்.

"நம்மகிட்ட ஏதுங்க மாடு? பேசாம சாப்பிடுங்க."

சாயங்காலம் வீடு திரும்பினால் முதலில் சட்டையை மோந்து பார்ப்பாள்.

"பன் வாசனை வருது."

"பஸ் பேக்கரி வழியாத்தான் வந்துச்சு."

"பஸ்ஸுமா மென்னுச்சு? காலர்ல தூள் இருக்கு."

மறுநாளே பேக்கரிக்காரரிடம் போய், இந்த ஆளுக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தாள். அதன் பிறகு நான் தெருமுனையில் திரும்பினாலே அந்தக் கடையின் ஷட்டர் இறங்கிவிடும்.

சில மாதத்தில் என் பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. புதுச் சோப்புத்தூள் துணியை இளக்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தேன். ரத்தப் பரிசோதனையில் ஆறரை வந்தது. லேப்பில் வேறு யாருடைய ரத்தத்தையோ என் பெயரில் எழுதிவிட்டார்கள் என்றேன். மாத்திரையைப் பாதியாகக் குறைத்த டாக்டர் மேலும் எனக்குச் சந்தேகம்தான். கீரைக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருக்கும் என்று யார் நம்புவார்கள்?

ஏழாவது மாதம் பலகை 100 காட்டியது. பனியின் வேலை என்று விட்டுவிட்டேன். பத்தாவது மாதம் 90. இறங்கி மறுபடி ஏறினேன். அதே தொண்ணூறு. டார்ச்சை எடுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் ஊர்ந்து, எலி கடித்திருக்கிறதா, எவனாவது கட்டையைச் சொருகியிருக்கிறானா என்று தேடினேன். வெளியே வந்தால், கல் லாரி ஓட்டுகிற ஹாரன் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும், அதனால் அந்தப் பெயர்.

"பெரியவரே! நீங்களே தொண்ணூறுன்னா, என் கல்லுல இந்த மேடை எவ்வளவு முழுங்கியிருக்கும்?"

மதியத்துக்குள் பதினோரு லாரி மேடையில் ஏறாமல் நின்றுவிட்டது. முதலாளி வந்தார். என்னைக் கேபினுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"ஐயா, மறைக்காம சொல்லுங்க. எடையைக் குறைச்சுக் காட்டுறதுக்கு யார்கிட்டயாவது ஏதாவது வாங்கினீங்களா?"

பதினோரு வருடத்தில் ஓசி டீ கூடக் குடித்ததில்லை.

"முத்திரை போடுற ஆபீசரை வரச்சொல்லியிருக்கேன். மெஷின்ல தப்பிருந்தா மேடைக்குப் பூட்டு. நீங்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

ஆபீசர் ஒரு வண்டி நிறைய இருபது கிலோ இரும்புக் கட்டிகளோடு வந்தார். ஐம்பதை அடுக்கினார்கள். பலகையில் 1000. நாலு மூலைக்கும் மாற்றி மாற்றி அடுக்கினார்கள். ஒரு மூலையிலும் பிசகில்லை. ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் குறையுறீங்க."

முதலாளிக்கு அப்போதும் திருப்தியில்லை. என் வீட்டுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர்ல இருபது கிலோவைக் காணோம்."

"நான்தான் எடுத்தேன், தம்பி."

"நீங்களா?"

"பத்து மாசமா, கொஞ்சம் கொஞ்சமா. ரிப்போர்ட் வந்தும் நம்பாம வேற யாரோட ரத்தமோன்னு சொல்லிட்டுத் திரியறாரு. அவர் சாப்பிட்டாச்சா? பக்கத்துல பன் எதுவும் இல்லியே?"

முதலாளி என் மணிக்கட்டைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். நாடி பார்த்தார். பிறகு, "நாளையிலிருந்து காலையில நீங்க ஏற வேணாம், அஞ்சு இரும்புக் கட்டி வாங்கித் தரேன். மெஷினை மட்டும் பாருங்க" என்றார். என் வேலை தப்பியது.

கூட்டம் கலைந்தது. ஹாரன் மட்டும் போகவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மேடையின் நடுவில் போய் நின்றான். பலகையில் 130 விழுந்தது.

"ஆபீசர் சார்!" என்று அலறினான். "போகாதீங்க, இது மறுபடியும் பொய் சொல்லுது!"