நடு ஏரியில் நின்றுபோனவள்

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நான்கு பேர் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தனுஷியாவின் நீச்சல்காரி நடு ஏரியில் நின்றுபோனாள். ஒரு கை வானத்தைப் பார்த்தபடி, மற்றக் கை தண்ணீருக்குள், முதுகுக்குப் பின்னால் செம்மஞ்சள் மிதவை அந்தரத்தில். பதினொன்றாவது விநாடியில் படகு வரவேண்டும். வரவில்லை.

"இணையத் தொடர்பா?" என்று கேட்டாள் ரெகுலா. சுவிற்சர்லாந்தின் சூக் நகரத்தில் எழுத்தையும் படத்தையும் அசையவைத்துப் பிழைக்கிற சின்ன நிறுவனம் அவளுடையது; தனுஷியா வீட்டிலிருந்தே அதற்கு அசைபடம் செய்கிறவள்.

"இல்லை, என் கணினிதான்," என்றாள் தனுஷியா. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாது.

"புதுக் கணினி என்றாயே?"

"புதிதுதான். மூன்று கிழமை."

மற்ற மூவரும் போன பிறகு ரெகுலா கமராவை அணைக்காமல் இருந்தாள். நல்லவள்தான்; நல்லவர்கள் சொல்லும் கெட்ட செய்திக்குத்தான் கூர் அதிகம். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஏரி நீச்சல் பாதுகாப்புச் சங்கத்தின் ப்ருன்னர் திரைக் கூட்டத்துக்கு வருகிறார். பேருந்துத் திரைகளில் ஓடப்போகிற இருபது விநாடிப் படம். அவர் கூடவே இருந்து இதை மாற்று, அதை மாற்று என்பார். மாற்றியதை அந்தக் கணமே ஓடவிட்டுக் காட்டவேண்டும். "அங்கேயும் நின்றால் நான் படத்தை மத்தேயோவிடம் கொடுக்கவேண்டியிருக்கும். உன் சோதனைக் காலமும் அன்றோடு முடிகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் நான் பார்க்கவேண்டும், விளங்குகிறதா?"

விளங்கியது. மூன்று மாதச் சோதனைக் காலத்தில் ஏழு நாள் முன்னறிவித்தலோடு அனுப்பிவிடலாம். சட்டம் அப்படித்தான். தனுஷியா அந்த ஒப்பந்தத்தை இரண்டு முறை வாசித்திருந்தாள். அவளுடைய குடும்பத்தில் முன்பு யாரும் கைச்சாத்திடுவதற்கு முன் ஒப்பந்தம் வாசித்ததில்லை.

அப்பா பத்மநாதன் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் இருபத்திரண்டு வருடம். அம்மா ஜெயகௌரி ஒல்ரனில் அலுவலகங்கள் துப்புரவு செய்கிறவள். விடிய ஐந்துக்குப் போய் ஒன்பதுக்குள் வருவாள், பின்னேரம் ஐந்துக்குத் திரும்பப் போவாள். இரண்டு பேருக்கும் நடுவில் திரிம்பாக்கில் ஒரு மூன்றரை அறை வீடு, அதில் பட்டம் வாங்கிய ஒரு மகள். மூன்று வாரத்துக்கு முன், மகளின் இரண்டாவது சம்பளம் வந்த அன்று, புதுக் கணினியும் வந்தது. அப்பா தன் கையால் பத்து மீற்றர் வயர் இழுத்து, சோபாவுக்குப் பின்னால் ஒட்டி, கம்பளத்துக்குக் கீழே விட்டு, அவளுடைய அறையிலிருந்த கணினியை வரவேற்பறையின் பெரிய ரீவியோடு இணைத்தார். மகள் பட்டப்படிப்புக்காகச் செய்த அசைபடம் அறுபத்தைந்து அங்குலத்தில் ஓடியது. அம்மா அழுதாள். பிறகு கணினிப் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். பெட்டியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடவில்லை. அந்த வீட்டில் எதையும் கழற்ற விடமாட்டாள். ரிமோட் இன்னும் பைக்குள். சாப்பாட்டு மேசைக் கதிரைகளுக்குப் பன்னிரண்டு வயது, பிளாஸ்டிக்குக்கும் பன்னிரண்டு.

செவ்வாய்க்கிழமை தனுஷியா அந்த உறையில்தான் கைவைத்தாள். கிராபிக்ஸ் அட்டையின் மென்பொருளைப் புதுப்பித்தாயிற்று. தற்காலிகக் கோப்புகளை அழித்தாயிற்று. முன்னோட்டத்தின் தரத்தைக் கால் பங்காகக் குறைத்தாள். மென்பொருளை அடியோடு நீக்கித் திரும்ப ஏற்றினாள். ஒவ்வொரு முறையும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நீச்சல்காரி அழகாக நீந்துவாள்; சரி, பிடித்துவிட்டோம் என்று நினைக்கும்போது நின்றுவிடுவாள். எல்லாவற்றையும் மூடித் திறந்தால் திரும்ப நீந்துவாள். ஒரேயடியாகச் செத்தாலாவது காரணம் தெரியும்; இது விட்டுவிட்டு வரும் காய்ச்சல்.

கடையின் உதவி இலக்கத்துக்கு அழைத்தாள். பெயரைக் கேட்டதும் அந்த ஆள் சொல்லுக்குச் சொல் நிறுத்தி, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல, அந்நியரிடம் பேசும் உயர் ஜெர்மனில் பேசத் தொடங்கினான்.

"வீட்டில்... கணினி... தெரிந்தவர்... யாராவது இருக்கிறார்களா?"

"இருக்கிறாள்," என்றாள் தனுஷியா, தான் பிறந்து வளர்ந்த ஊரின் சுவிஸ் ஜெர்மன் பேச்சில். "அவளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்."

அதன் பிறகு அவன் வேகமாகத்தான் பேசினான். சூடாகிறதா என்று பார்க்கச் சொன்னான். அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது: காற்றுத் துளைகளுக்கு மேலேயும் பிளாஸ்டிக்.

"அம்மா! இதாலதான்! உங்கட விசர் பிளாஸ்ரிக்காலதான்!" உரித்த உரிப்பில் சந்தனப் பொட்டும் கூட வந்தது.

ஜெயகௌரி வாசலில் நின்று பார்த்தாள். நிலத்தில் கிடந்ததை எடுத்து, கையால் நீவி, நான்காக மடித்துக்கொண்டு போனாள்.

ஒரு மணி நேரம் கழித்து, கணினி குளிர்ந்து காற்றோட்டமாக இருந்த நிலையில், நீச்சல்காரி நடு ஏரியில் நின்றாள்.

புதன்கிழமை தனுஷியா ஒரு கொப்பி எடுத்துக் கோடு போட்டாள். எத்தனை மணிக்கு நின்றது. எத்தனை பாகை சூடு. நினைவகம் எவ்வளவு நிரம்பியிருந்தது. வேறு என்ன திறந்திருந்தது. ஆத்திரம் வந்தால் சிலர் தட்டை உடைப்பார்கள். இவள் அட்டவணை போடுவாள். அன்றைக்குள் நான்கு முறை நின்றது. நான்கு வரிகள், ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு கதைகள். சூடு ஒருமுறை நாற்பத்தெட்டு, ஒருமுறை எழுபது. நினைவகம் பாதிகூட நிரம்பவில்லை.

மத்தியானம் அம்மா சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்தாள். "நான் ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"நீ கத்தினாத்தான் அது நிக்குது பிள்ளை."

"என்ன?"

"நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். நீ 'அம்மா, சத்தம்!' எண்டு கத்துவாய். உடன அது நிக்கும். பிறகு நீ அதுக்கும் கத்துவாய். பாவம், அது பயப்பிடுதாக்கும். நானே பயப்பிடுறன், அது பயப்பிடாதே?"

"அம்மா, கொம்பியூட்டருக்குக் காது இல்லை."

"உனக்கும்தான் இல்லை," என்று சொல்லிவிட்டு ஜெயகௌரி போய்விட்டாள்.

அம்மா சொன்னது பிழை என்று காட்டுவதற்காகத்தான் தனுஷியா வியாழன் காலை கொப்பியில் இன்னொரு கோடு போட்டாள். தலைப்பு: கத்தினேனா? நேற்றைய நான்கு வரிகளையும் நினைத்துப் பார்த்து நிரப்பினாள். ஒன்பது ஐம்பது: அம்மா வந்து செய்தி போட்டாள், கத்தினேன். பதினொன்றரை: ஓம். இரண்டு ஐந்து, சீரியல்: ஓம். மூன்றே முக்கால்: ஓம். திங்கட்கிழமை கூட்டம்? ஒலிவாங்கியை மூடிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிக் கத்தியது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகுதான் படகு வராமல் போனது.

ஐந்துக்கு ஐந்து.

அம்மா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கணினியின் முன்னால் நின்று, அடித்தொண்டையில் "சத்தம்!" என்று கத்திப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். நீச்சல்காரி சட்டை செய்யவில்லை. நீந்தினாள், படகு வந்தது, திரும்பவும் நீந்தினாள். ஆக, கத்துவது இல்லை. கத்துவதற்கும் நிற்பதற்கும் நடுவில் ஏதோ இருக்கிறது.

அசைவை ஒவ்வொரு சட்டமாகப் பிரித்துப் பார்ப்பதுதான் அவளுடைய தொழில். விநாடிக்கு இருபத்தைந்து படம். அம்மா வந்ததும் பையைக்கூட வைக்க விடவில்லை.

"அம்மா, ரீவியைப் போடுங்கோ. நான் கத்துவன். கத்தினாப் பிறகு என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்கோ. ஆனா மெதுவா."

"உனக்கு என்னடி பிடிச்சிருக்கு?"

"செய்யுங்கோ அம்மா."

ரீவி ஓடியது. அறையில் நீச்சல்காரி நீந்தினாள். இரண்டு அறைக்கும் நடுவில் நின்றுகொண்டு தனுஷியா கத்தினாள். ஜெயகௌரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழும்பினாள். ரிமோட்டைத் தொடவில்லை. ரீவிக்குக் கிட்டப் போனாள். இடது காலை நீட்டி, பார்க்காமலே, நிலத்தில் கிடந்த நீண்ட பிளக் பட்டையின் தலைப்பில் இருக்கும் சிவப்பு சுவிட்சைப் பெருவிரலால் அமத்தினாள். டக்.

ரீவி அணைந்தது. அறையில் நீச்சல்காரி ஒரு கையைத் தூக்கியபடி நின்றாள்.

"ஏன் காலால?"

"வேற எதால? ஒரு விடியக்காலையில முப்பது மேசை. ஒவ்வொரு மேசைக்கும் கீழ உது ஒண்டு கிடக்கும். போகேக்க எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டுப் போ எண்டுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கு. குனிஞ்சு நிமிர்ந்தா முதுகு, நாரி என்னத்துக்கு ஆகும்? பத்தொன்பது வரியமாக் கால்தான் செய்யுது. அதுக்கே பழகிப்போச்சு."

தனுஷியா சோபாவுக்குப் பின்னால் முழங்காலில் விழுந்தாள். அப்பா ஒட்டிய வயர், அப்பா ஒட்டிய இடத்திலேயே, வரி தவறாமல் கம்பளத்துக்குக் கீழே போய் அவளுடைய கணினியின் முதுகில் முடிந்தது. மூன்று கிழமையாக ஒருவரும் அதை நினைக்கவில்லை.

ரீவி உயிர்பெறும்போதெல்லாம் கணினி, "ஆகா, ஒலிபெருக்கி வந்திருக்கிறது" என்று தன் ஒலியை ரீவிக்குத் திருப்பிவிட்டிருந்தது. முன்னோட்டம் தன் நேரத்தை ஒலிக் கருவியை வைத்துத்தான் அளக்கிறது. படத்தில் ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அம்மாவின் பெருவிரல் பட்டதும் ரீவி வேரோடு போய்விடும். இல்லாத கருவிக்காகக் காத்துக்கொண்டு நீச்சல்காரி நிற்பாள். பேருந்துப் படம் ஊமைப் படம் என்பதால் ஒலி எந்தப் பக்கம் போகிறது என்று அவள் கவனிக்கவே இல்லை. எல்லா அமைப்புகளையும் திறந்து பார்த்தவள், ஒலி என்ற ஒன்றை மட்டும், எனக்கு ஏன் என்று தாண்டிப் போயிருந்தாள்.

வயரைப் பிடுங்கினால் ஒரு நிமிட வேலை. பிடுங்கவில்லை. பிடுங்கினால் தப்பியதாகத்தான் இருக்கும், திருத்தியதாக இராது. மென்பொருளின் ஒலி அமைப்பைத் திறந்து, கணினி எதைக் காட்டுகிறதோ அதை எடுத்துக்கொள் என்று இருந்ததை மாற்றி, கணினியில் செருகியிருந்த, காதில் மாட்டும் தன் தலைக்கருவியின் பெயரைக் கொடுத்தாள்.

"அம்மா, போடுங்கோ. நிப்பாட்டுங்கோ. பத்துத் தரம்."

"காலாலயோ?"

"காலாலதான்."

டக். டக். ஜெயகௌரி எண்ணினாள், ஐந்துக்கு மேல் உற்சாகம் வந்து, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வலது காலுக்கு மாறினாள். பத்தாவது முறையும் படகு நேரத்துக்கு வந்தது.

தனுஷியா வாசலில் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்பது அவளுக்கு வராத வேலை. "அம்மா... அந்தப் பிளாஸ்ரிக்குக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"எனக்குத் தெரியும். அதுதான் மடிச்சு வைச்சிருக்கிறன்."

"திருப்பி ஒட்டேலாது. காத்துப் போகவேணும்."

"காத்துப் போற இடத்தை வெட்டிப்போட்டு ஒட்டலாம்தானே?"

தனுஷியா கத்தரிக்கோலைத் தேடிப் போனாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி. ப்ருன்னர் ஏரியில் நாற்பது வருடம் நீந்திய மனிதர்; எதையும் விடவில்லை. மிதவை இன்னும் சிவக்கவேண்டும். படகு இவ்வளவு வேகமாக வராது. அவள் ஏன் சிரிக்கிறாள், தண்ணீர் பதினேழு பாகை. தனுஷியா ஒவ்வொன்றாக மாற்றினாள், ஓடவிட்டாள். கதவுக்கு அப்பால் ரீவி மெல்ல முணுமுணுத்தது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டரைக்கு அம்மா வேறொருத்திக்குப் பதிலாக வேலைக்குப் போகவேண்டியிருந்தது. மேலங்கி உரசும் சத்தம் கேட்டது. சரியாக அந்த நேரத்தில் ப்ருன்னர், "இப்போது முழுவதையும் ஒருமுறை," என்றார்.

தனுஷியா விசையை அழுத்தினாள். எட்டாவது விநாடியில், அடுத்த அறையில்: டக்.

ஒன்பது. பத்து. கை எழும்பியது, விழுந்தது. படகு வந்தது, மிதவையைக் கண்டு விலகிப் போனது. ப்ருன்னர் தலையாட்டினார்.

அவர் போன பிறகு ரெகுலா கேட்டாள்: "என்னதான் பிரச்சினை?"

"ஒலி."

"இதில் ஒலியே இல்லையே?"

"அதனால்தான் நான் அங்கே பார்க்கவில்லை. பிழை என்னுடையதுதான், கணினி புதிதாக வந்த அன்றே அமைத்திருக்கவேண்டும்." பிறகு ரீவியையும் வயரையும் சொன்னாள். அம்மாவின் காலையும் சொன்னாள். மறைக்க என்ன இருக்கிறது?

ரெகுலா கமராவுக்குக் கிட்டக் குனிந்தாள். "மத்தேயோவின் கணினியும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நிற்கிறது. அவன் போகும்போது திரையை அணைத்துவிட்டுப் போகிறவன்." பேனையை எடுத்தாள். "நீ செய்ததை ஒரு பக்கம் எழுதி எல்லாருக்கும் அனுப்பு. திங்கட்கிழமை அனுப்பினால் போதும். உன் சோதனைக் காலம் முடிந்தது, நீ எங்களோடுதான் இருக்கிறாய்."

தனுஷியா அம்மாவுக்கு அழைத்தாள். ஜெயகௌரி பேருந்தில் இருந்தாள். பின்னால் யாரோ நிறுத்தத்தின் பெயரை அறிவித்தார்கள்.

"என்னவாம் பிள்ளை?"

"இருக்கலாமாம்."

"அப்ப இனிக் கத்தமாட்டியோ?"

"கத்துவன்," என்றாள் தனுஷியா. "ஆனா இனி அது நிக்காது."