நெஞ்சுக்கு நேரே மைக்

உண்மைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. சோற்றில் கல் இருந்தால்கூடப் பொறுப்பார்கள், படத்தில் பொய் இருந்தால் பொறுக்க மாட்டார்கள். இந்த இயக்குநரம்மாவும் அப்படித்தான். குடியைப் பற்றிய ஆவணப்படம். பாட்டிலில் திராட்சைச் சாற்றை ஊற்றிவைக்கலாமே என்று ஒலிப்பதிவாளன் கேட்டதற்கு, "அப்புறம் அதுக்குப் பேரு ஆவணப்படமா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். ஆக, சாப்பாட்டு மேசைமேல் அசல் ஒயினே வந்து உட்கார்ந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒலிப்பதிவாளனின் அக்கா புருஷன். வீடும் அவருடையதுதான். குடியை விட்டு ஒரு வருஷம். அதற்காக அக்கா பட்ட பாடு அந்தத் தெருவுக்கே தெரியும். குடியை விட்டவர் யாராவது பேசுவாரா என்று இயக்குநர் தேடியபோது இவன்தான் அத்தானைக் கைகாட்டினான். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான், வேறென்ன!

பேட்டி நன்றாகவே போனது. அக்கா நிம்மதியாக வேலைக்குக் கிளம்பினாள். பிறகுதான் இயக்குநர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

"சும்மா ஊத்துங்க சார், குடிக்க வேணாம். அந்தக் களக் களக் சத்தம் வேணும்."

அத்தான் ஊற்றினார். வெளிச்சம் சரியில்லை என்றார்கள். மறுபடி ஊற்றினார். சிரித்துக்கூட வைத்தார். பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் மைக் அவர் சட்டையில், நெஞ்சுக்கு நேரே குத்தியிருந்தது. ஹெட்போன் போட்டிருந்தவனுக்கு எல்லாம் கேட்டது. நெஞ்சு திடும் திடும் என்று அடிப்பது, எச்சில் விழுங்குவது, வாசத்தை இழுத்துவிட்டு மூச்சு அப்படியே நின்றுபோவது. வாயைத் திறந்தால் நாலு பேர் முன்னால் அத்தான் மானம் போகுமே என்று அடக்கிக்கொண்டான். மானம் பார்க்கிற நேரமா அது, மடையன்!

"கடைசியா ஒரே ஒரு தடவை சார்."

அத்தான் தலையைக் குனிந்து பாட்டிலை எடுத்தார். ஹெட்போனில் மட்டும் அந்த முணுமுணுப்பு கேட்டது.

"மாப்ள... என்னால முடியல. எதையாவது சொல்லி நிறுத்துடா."

"கட்!" என்று கத்தினான். இயக்குநரைத் தவிர யாரும் சொல்லக் கூடாத சொல் அது. எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"கட் சொல்ல நீ யாரு?"

"எங்க அக்காவுக்குத் தம்பி. இதை நீங்களே கேளுங்க மேடம்."

ஹெட்போனைக் கழற்றி நீட்டினான். அத்தான் பேசி முடித்திருந்தார், நெஞ்சு மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கேட்கக் கேட்க அந்தம்மா முகம் செத்துப்போனது. பாட்டிலையும் கோப்பையையும் எடுத்துப்போய்ச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்து, வாசம் போகும்வரை குழாயைத் திறந்துவிட்டார்.

"மன்னிச்சிடுங்க சார். எனக்கு இது உறைக்கவே இல்ல."

ஒலிப்பதிவாளன் மைக்கைக் கழற்றக் குனிந்தான். "அக்காகிட்ட மூச்சு விட மாட்டேன் அத்தான்."

"வேணாம்டா. மறைக்க ஆரம்பிச்சேன்னா அப்புறம் குடிதான்."

போனை எடுத்தார். எண் தவறி, திரும்ப அழுத்தினார்.

"கொஞ்சம் வீட்டுக்கு வர்றியா? இல்லம்மா, குடிக்கல. குடிச்சிடுவேனோன்னு பயமா இருக்கு."