ஸ்டோர் அடுப்பு

தாய்மாமன் உக்கிரபாண்டி தண்ணீர்க் குடத்தோடு ஏலக்காய் ஸ்டோர்ப் பக்கம் நடந்ததும், பாண்டியம்மாள் அப்பாவின் காலடியிலிருந்து எழுந்து ஓடினாள்.

"பொணத்த வச்சுக்கிட்டு அடுப்பு எரியலாமா ஆத்தா? ஊரு காறித் துப்பும்."

"உள்ள பதினெட்டு வீட்டுக் காய் கெடக்கு மாமா. அணைச்சா அம்புட்டும் வெளுத்துரும். அதுகளுக்கு வருசத்துச் சோறே இதுதான்."

விடியற்காலையில் அந்த அடுப்பின் முன்னால்தான் அப்பா கோட்டைச்சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஏலக்காய் உலர்த்தும் அந்தச் சின்ன ஸ்டோரை இருபது வருடமாகத் தன் குணப்படியேதான் நடத்தினார். பச்சை மரத்தில் கை வைக்க மாட்டார். காற்றில் விழுந்த கொப்புகளைப் பொறுக்கிச் சின்னத் தீ போடுவார். மற்ற ஸ்டோர்களில் ஒரு நாளில் முடிவது இவரிடம் இரண்டு நாள். குரங்கணி ஊரே ஆமை என்று கேலி பேசியது. விறகுக்காக நிழல் மரங்களை வெட்டியவர்களின் செடிகள் வெயிலில் காய்ந்த பிறகு, அதே ஆட்கள் மிச்சக் காயோடு இவரிடம் வந்து நின்றார்கள்.

பாண்டியம்மாளுக்குத்தான் அந்தப் பிடிவாதத்தின்மேல் ஆறாத கோபம். ராசிங்காபுரத்தில் அவள் கழுத்தில் தாலி ஏறியபோதும் அவர் அடுப்பை விட்டு வரவில்லை. அதன்பிறகு அவரோடு அவள் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

மாமா குடத்தை இறக்கினார். "என்னமோ செய்யி. மழை இறங்குறதுக்குள்ள தூக்கணும். கூப்புட்டா வெரசா வா."

அவள் ஸ்டோருக்குள் நுழைந்தபோது சூடு ஏறியிருந்தது. காய் புரட்டும் நேரம்; விட்டால் அடிக்காய் கருகிவிடும். சின்ன வயதில் அப்பாவோடு செய்த வேலை, கை மறக்கவில்லை.

"பாண்டி, வாய்க்கரிசி போட வாடி!" அம்மா மாயக்காளின் குரல்.

"இந்தா வர்றேன்!"

இன்னும் நான்கு தட்டுக் காய் புரட்ட இருந்தது. பாதியில் விட மனம் வரவில்லை. மேளச் சத்தம் உயர்ந்தது.

"வர்றேம்மா!"

கல்யாணத்தன்று கூப்பிடப் போன ஆளிடம் அப்பாவும் இப்படித்தான் சொல்லி அனுப்பினாராம். கடைசித் தட்டையும் புரட்டிவிட்டு வெளியே ஓடினாள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பாடை சரிவில் இறங்கி மறைந்துவிட்டது. வாசலில் அம்மா அரிசிக் கிண்ணத்தோடு நின்றாள். திட்டவில்லை.

"காய் எப்பிடி இருக்கு?"

"பச்ச நெறம் மாறலம்மா."

அம்மா கிண்ணத்தை நீட்டினாள். பாண்டியம்மாள் ஒரு கை அரிசி அள்ளினாள். அதை எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றாள்.