சிவக்காத கிருமி

விதாத்தின் முகத்திலிருந்த சிரிப்பை ரவ்தாவால் சகிக்க முடியவில்லை. துனிஸில் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மேசையில், ஆறு வருடமாக இரத்தபேதிக் கிருமியோடு மாரடிப்பவர்கள் இருவரும். லியோன் மாநாட்டுக்கு ஒருவருக்குத்தான் இடம். அது விதாத்துக்குப் போகப்போகிறது.

பொல்லாத கிருமி அது. வெளியே சாதுவாகக் கிடக்கும். மனிதக் குடலின் முப்பத்தேழு டிகிரிச் சூடு உறைத்ததும்தான் தன் வேலையைக் காட்டும். சிவப்புச் சாயம் கலந்த தட்டில் வளர்த்தால் அது கண்ணுக்கே தெரியும். விஷம் விழித்தால் சிவக்கும், தூங்கினால் வெளுத்திருக்கும். விதாத் ஒரு மரபணுவை வெட்டியெடுத்த கிருமியோ முப்பத்தேழிலும் வெள்ளையாகவே நின்றது. அதற்குச் சூடே உறைக்கவில்லை.

"பாத்தீங்களா மொன்செஃப் சார், என் புள்ளைங்க எவ்வளவு சாதுன்னு," என்று பேராசிரியரிடம் தட்டை நீட்டினாள் விதாத்.

ரவ்தாவுக்கு வயிறு எரிந்தது. "சாதுதான். இன்குபேட்டர்ல எந்த அடுக்குல வச்சே?"

"கீழ."

"கதவு ரப்பர் போனதுலேருந்து கீழ முப்பதைத் தாண்டறதில்லையே. முப்பதுல எந்தக் கிருமிதான் சிவக்கும்?"

விதாத்தின் முகம் செத்துப்போனது. நோன்பு திறக்க வீட்டுக்கு ஓடும் அவசரத்தில், கிடைத்த இடத்தில் செருகிவிட்டு வந்திருந்தாள்.

"திரும்பப் பண்ணுங்க. நாளைக்கு மதியத்துக்குள்ள பேர் குடுக்கணும்," என்றார் மொன்செஃப்.

விதாத் பெருநாளுக்கு ஊருக்குப் போக பஸ் ஏற வேண்டும். "நீ போடி, நான் வைக்கிறேன்," என்றாள் ரவ்தா, பெரிய மனசுக்காரி மாதிரி.

மேல் அடுக்கிலேயே வைத்தாள், பக்கத்தில் வெட்டாத கிருமியையும். வெப்பமானியை மூன்று தடவை பார்த்தாள். சிவக்கட்டும், அவள் மானம் போகட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள்.

காலையில் திறந்தாள். வெட்டாதது செக்கச்செவேலென்று இருந்தது. விதாத்தினுடையது வெள்ளை வெளேரென்று இருந்தது.

தப்பான அடுக்கில் வைத்தும் அவளுக்குச் சரியாக வருகிறது. எனக்கு ஆறு வருடத்தில் ஒன்றாவது இப்படி வந்ததா?

போன் அடித்தது. விதாத். "என்ன கலர்டி?"

ரவ்தா தட்டை மூடினாள். "சிவப்பு."

"நல்லவேளை, நீ பாத்துச் சொன்னே. லியோன்ல எல்லார் முன்னாடியும் அசிங்கப்பட்டிருப்பேன். உன் பேரைக் குடுக்கச் சொல்லி இப்பவே சார்கிட்ட பேசறேன்."

"சரி," என்றாள் ரவ்தா. அந்த வெள்ளைத் தட்டை, கொதிநீராவியில் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டு, மூடியை இறுகத் திருகினாள்.