நுரை இல்லாத காபி

குளிர்காலம் முழுக்க என் மனைவி ஸும்ரெத்தா என்னை ஒருமுறைகூடத் திட்டவில்லை. கேட்பவர்களுக்கு வரம் மாதிரி இருக்கும். எனக்கு வீடே செத்துக் கிடந்தது. திராவ்னிக் ஊரில் எங்கள் தெருவில் எங்கள் சண்டையைக் கேட்காத காது கிடையாது.

மாரடைப்புக்குப் பிறகு அவள் இதயம் பாதி பலத்தோடுதான் ஓடியது. கூடவே தைராய்டும் படுத்துவிட்டது. முகம் ஊதி, குரல் தடித்து, கணப்பின் பக்கத்திலேயே நடுங்கினாள். நாலு வார்த்தை பேசுவதற்குள் கண் சொருகிவிடும். தைராய்டுக்கு டாக்டர் வில்தானா சின்னதாக ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்.

எங்களுக்குக் கண் விழித்ததும் காபிதான். அதற்கு முன் வேறு எந்த வேலையும் கிடையாது. செம்புப் பாத்திரத்தில் பொங்கிய நுரை கிண்ணத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பெல்லாம் தொடவே மாட்டாள், திட்டித் தீர்ப்பாள். இப்போது நான் வேண்டுமென்றே நுரை அடங்கும்வரை கொதிக்கவிட்டு, தட்டில் சர்க்கரைக் கட்டியோடு மாத்திரையையும் வைத்துக் கொடுப்பேன். திட்டுவாளா என்று முகத்தையே பார்ப்பேன். பேசாமல் குடித்துவிடுவாள், பாவி.

வசந்தம் வந்தும் ரத்தப் பரிசோதனையில் முன்னேற்றமே இல்லை.

"டாக்டரம்மா, மாத்திரையைக் கூட்டிக் குடுங்க. எனக்கு என் பொண்டாட்டி வேணும்."

"சட்டுனு கூட்டினா அவங்க இதயம் தாங்காதுங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்." பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "ஆமா, மாத்திரையை எதோட குடுக்கறீங்க?"

"காபியோடதான். வேற எதோட குடுப்பாங்க?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த ஊர்ல எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. காபி அந்த மருந்தை உடம்புல சேர விடாது. அதே மாத்திரை போதும். வெறும் வயித்துல, வெறும் தண்ணியில குடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சுக் காபி."

"பழையபடி ஆயிடுவாளா?"

"இதயம் ஆகாதுங்க ஐயா. ஆனா தெளிவா இருப்பாங்க."

அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அப்பப்பா! வாசனை பட்டால் அவள் கை நீட்டுவாள் என்று நானும் குடிக்கவில்லை. தலை பிளந்தது. அவளுடைய சில்லிட்ட கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேர் சண்டையையும் நானே போட்டேன். அவள் பங்கு வசவு எனக்கு மனப்பாடம். ஆனால் என் வாயில் அதற்கு ருசியே இல்லை. ஒரு மணி நேரம் முடிந்ததும் அதே நுரையில்லாத காபி. அதே மௌனம்.

பிளம் மரம் பூத்து உதிர்ந்த பிறகு ஒரு காலை. ஒரு வாய் குடித்தவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"யோவ் முஹரெம், நான் செத்துட்டேன்னு நெனச்சா இதைப் போட்ட?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணீர் நிற்கவில்லை.

"அழுதது போதும். போய் நுரையோட போட்டுட்டு வா."

போட்டுக் கொடுத்தேன். அந்த இதயம் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது.

மறுநாளும் நுரை அடங்கும்வரை கொதிக்கவிட்டுத்தான் கொண்டுபோனேன்.